லட்டுவும் நானும் இணைய வைத்தியர்களும்!

மார்ச் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலை. குக்கர் மூன்றாவது விசில் அடிப்பதற்குள் என் மகள் யாழினி சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"அம்மா, லட்டு எழுந்திருக்கவே மாட்டேங்குது."

லட்டு எங்கள் வீட்டு கினி பிக். கொத்தமல்லிக் கட்டைச் சுற்றியிருக்கும் பேப்பர் லேசாகச் சரசரத்தாலே போதும், ஹாலில் இருந்து "வீக்... வீக்..." என்று வீடே அதிரக் கத்தும். அதன் ஜோடி பூந்தி கொஞ்சம் அமைதி. அன்றைக்குக் கொத்தமல்லியை முகத்தருகே கொண்டுபோய் நீட்டினேன். லட்டு மூக்கை மட்டும் அசைத்தது. எழுந்து வர முயன்று, பின்னங்காலை இழுத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டது. தொட்டதும் கீச்சென்று கத்தியது. அது வலியில் வந்த சத்தம் என்று யாரும் சொல்லாமலே புரிந்தது.

பொங்கல் விடுமுறையில்தான் இரண்டையும் வாங்கி வந்தோம். நாய் வேண்டும் என்று இரண்டு வருடமாக நச்சரித்தவளை, அடுக்குமாடி வீட்டில் முடியாது என்று சமாதானப்படுத்தி வாங்கிக் கொடுத்தது. கடைக்காரர், "ஒண்ணும் கஷ்டமில்லம்மா, முயல் மாதிரிதான். எது போட்டாலும் சாப்பிடும்" என்றார். மீதியைப் போனில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இந்தக் காலத்தில் போனில் இல்லாதது என்ன இருக்கிறது?

அங்கேதான் தவறு ஆரம்பித்தது.

தேடிக் கிடைத்த வைக்கோல்

முதலில் அதன் பெயரே குழப்பம். தமிழில் 'சீமைப் பெருச்சாளி' என்று ஒரு பெயர் இருக்கிறது. கடையில் 'கினி பிக்'. பக்கத்து வீட்டுக்காரருக்கு 'வெள்ளை எலி'. உண்மையில் அது பன்றியும் இல்லை, பெருச்சாளியும் இல்லை. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப் பகுதியைச் சேர்ந்த, புல் தின்று வாழும் கொறிக்கும் பிராணி. எந்தப் பெயரில் தேடுகிறோமோ அதற்கேற்ற பதில்தான் வருகிறது. எலி என்று தேடினால் எலிக்கான தீனி, முயல் என்று தேடினால் முயலுக்கான தீனி.

அப்படித் தேடியதில், லட்சக்கணக்கான பேர் பார்த்த ஒரு வீடியோ கிடைத்தது. பேசியவர் சிரித்த முகம், சுத்தமான தமிழ். கேரட், வெள்ளரிக்காய், முயல் தீனி, அடியில் நிறைய வைக்கோல் என்றார். ஆங்கிலப் பக்கம் ஒன்றையும் போனிலேயே தமிழில் மாற்றிப் படித்தேன். அதிலும் 'உணவில் பெரும்பகுதி வைக்கோலாக இருக்க வேண்டும்' என்று வந்தது. இரண்டும் ஒத்துப்போகிறதே! நிம்மதியாக, தெரிந்த பால்காரரிடம் சொல்லி ஒரு சாக்கு வைக்கோல் வாங்கிப் போட்டேன்.

அந்த வீடியோ எனக்கு அவ்வளவு பிடித்துப்போனதால், கரூரில் இருக்கும் என் நாத்தனாருக்கும் அனுப்பினேன். எங்களைப் பார்த்துவிட்டு அவள் மகனும் அடம்பிடித்து இரண்டு வாங்கியிருந்தான். 'இதைப் பார்த்து அப்படியே செய், போதும்' என்று ஒரு வரியும் சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரி பின்னால் என்னைத் தூங்கவிடாமல் செய்யப்போகிறது என்று அப்போது தெரியாது.

பிரிக்காத மருந்து பாட்டில்

அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். 'கினி பிக் நடக்கவில்லை' என்று தேடினேன். ஒருவர் மூட்டுவலி என்றார், வெதுவெதுப்பாக எண்ணெய் தடவச் சொன்னார். இன்னொருவர் குளிர் தாக்கியிருக்கும், விளக்குப் போட்டுச் சூடேற்றுங்கள் என்றார். திருச்சி மார்ச் மாத வெயிலில்! மூன்றாமவர், 'ஆஸ்பத்திரிக்கெல்லாம் போக வேண்டாம். குழந்தைகளுக்குக் கொடுக்கும் ஆன்டிபயாட்டிக் சிரப் நாலு சொட்டு போதும்' என்றார்.

என் கணவர் அதைப் பார்த்ததும் பீரோ மேல்தட்டைத் துழாவினார். யாழினிக்குத் தொண்டைப் புண் வந்தபோது வாங்கிய இரண்டு பாட்டில் அமாக்ஸிசிலினில் ஒன்று பிரிக்காமல் இருந்தது.

"நம்ம பொண்ணுக்கே கொடுத்த மருந்துதானே, என்ன ஆகிடப்போகுது?" என்றார்.

"கொஞ்சம் இருங்க" என்றேன். அறிவால் சொல்லவில்லை. அந்த 'நாலு சொட்டு' எனக்கு உறுத்தியது. பத்து வயதுப் பெண்ணுக்கே டாக்டர் எடை பார்த்து, மில்லி கணக்கு எழுதித்தான் கொடுத்தார். முக்கால் கிலோகூட இல்லாத பிராணிக்கு எடையே கேட்காமல் நாலு சொட்டா?

மருந்தின் பெயரையும் பிராணியின் பெயரையும் சேர்த்து ஆங்கிலத்தில் தேடினேன். இந்த முறை வீடியோவை விட்டுவிட்டு, எழுதியது யார் என்று பார்த்தேன். மெர்க் கால்நடை மருத்துவக் கையேடு என்று ஒன்று, டாக்டர்கள் எழுதியது, யாரும் இலவசமாகப் படிக்கலாம். பென்சிலின் வகை மருந்துகள் கினி பிக்குக்கு ஆபத்து என்று அதில் தெளிவாக இருந்தது. அமாக்ஸிசிலின் அந்த வகைதான். வாய்வழியாகக் கொடுத்தால் அதன் குடலில் செரிமானத்துக்கு உதவும் நல்ல பாக்டீரியாக்கள் அழிந்து, நஞ்சு உண்டாக்கும் பாக்டீரியாக்கள் பெருகிவிடும். உயிரே போகலாம். வெளிநாட்டுக் கால்நடை மருத்துவமனை ஒன்றின் பக்கமும் இதையேதான் சொன்னது.

போனை அவரிடம் நீட்டினேன். படித்துவிட்டு ஒன்றும் பேசாமல் பாட்டிலை எடுத்த இடத்திலேயே வைத்தார். கை லேசாக நடுங்கியதைப் பார்த்தேன்.

அதே கையேட்டில் இன்னொரு வரியும் கண்ணில் பட்டது. கினி பிக் சாப்பிடாமல் இருந்தால் காத்திருக்கக் கூடாது, அதன் குடல் நின்றுபோகாமல் இயங்கிக்கொண்டே இருக்க வேண்டும். அலுவலகத்துக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு, காய்கறிக் கூடையில் துண்டு விரித்து லட்டுவை வைத்துக்கொண்டு ஆட்டோ பிடித்தேன். யாழினி பள்ளிக்குப் போக மறுத்துவிட்டாள். அழைத்துக்கொண்டேன்.

"நான் அதிகம் பார்த்ததில்லம்மா"

கால்நடை மருத்துவமனையில் எங்களுக்கு முன்னால் ஒரு கன்றுக்குட்டி, இரண்டு ஆடு, ஒரு நாய். டாக்டருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். கூடையைத் திறந்து பார்த்துவிட்டு அவர் சொன்ன முதல் வார்த்தை: "கினி பிக் நான் அதிகம் பார்த்ததில்லம்மா. பார்த்துட்டு, தேவைப்பட்டா தெரிஞ்சவங்ககிட்ட கேட்டுச் சொல்றேன்."

இரண்டு மாதமாக நான் கேட்ட அத்தனை பேரில், தனக்குத் தெரியாததும் உண்டு என்று சொன்ன முதல் ஆள் அவர்தான்.

வாயைத் திறந்து ஈறைப் பார்த்தார். பின்னங்கால் மூட்டை மெதுவாகத் தொட்டார். எடை போட்டார், 640 கிராம். "என்ன சாப்பாடு கொடுக்கறீங்க?" என்றார். கேரட், வெள்ளரி, முயல் தீனி, வைக்கோல் என்று பெருமையாக ஒப்பித்தேன்.

"இதுல வைட்டமின் சி எங்கம்மா?"

நான் விழித்தேன். அவர் தன்னோடு படித்த, கல்லூரியில் வேலை பார்க்கும் நண்பருக்குப் போன் செய்து இரண்டு நிமிடம் பேசினார். பிறகு எங்களுக்கு விளக்கினார். பெரும்பாலான விலங்குகள் தங்களுக்கு வேண்டிய வைட்டமின் சி-யைத் தங்கள் உடம்பிலேயே தயாரித்துக்கொள்கின்றன. முயலும் அப்படித்தான். அதனால் முயல் தீனியில் அதைச் சேர்க்க வேண்டிய அவசியம் இல்லை. மனிதர்களாலும் கினி பிக்குகளாலும் அப்படித் தயாரிக்க முடியாது. சாப்பாட்டில் தினமும் வந்தாக வேண்டும். வராவிட்டால் இரண்டு மூன்று வாரத்திலேயே ஸ்கர்வி என்கிற நோய் ஆரம்பிக்கலாம். மூட்டு வீங்கும், ஈறில் ரத்தம் கசியும், முடி சொரசொரப்பாகும், நடக்கவே வலிக்கும்.

வீட்டுக்கு வந்தபின் அதைப் பற்றி மேலும் படித்தேன். 1907-ல் நார்வேயில் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கினி பிக்குகளுக்கு வெறும் தானியத்தைக் கொடுத்தபோது, கடலோடிகளுக்கு வரும் அதே ஸ்கர்வி அவற்றுக்கும் வந்ததைக் கண்டார்கள். பின்னால் வைட்டமின் சி கண்டுபிடிக்கப்பட அதுவே வழி திறந்தது. எந்தப் பிராணியால் உலகத்துக்கு இந்த விஷயம் தெரிந்ததோ, அந்தப் பிராணிக்கே நூறு வருடம் கழித்து, கையில் போனோடு நான் அதைக் கொடுக்காமல் விட்டிருக்கிறேன்.

ஆட்டோவில் திரும்பும்போது யாழினி கேட்டாள். "அம்மா, லட்டுக்கு நாமதான் உடம்பு சரியில்லாம பண்ணிட்டோமா?"

'இல்லடா கண்ணு' என்று வாய் வரை வந்துவிட்டது. மடியில் கூடை இருந்தது. "ஆமாடா. தெரியாம பண்ணிட்டோம். இனிமே சரியா பண்ணுவோம்" என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மாமியார் போட்ட முடிச்சு, அவிழ்த்த முடிச்சு

டாக்டர் எழுதிய அளவில் வைட்டமின் சி மருந்தை ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, வாயின் ஓரத்தில் மெதுவாகக் கொடுத்து வந்தோம். உணவிலும் மாற்றம். நெல்லிக்காயில்தானே அதிகம் என்று ஆசையாக நறுக்கி வைத்தேன். லட்டு முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. குடைமிளகாயை மட்டும் கொஞ்சம் கொறித்தது. கொய்யா ஒரு சின்னத் துண்டு. பழம் இனிப்பு என்பதால் அதற்கு மேல் வேண்டாம் என்றார் டாக்டர். நல்ல ஆரோக்கியமான கினி பிக்குக்கு உடல் எடையில் கிலோவுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வரை தினமும் தேவை. நோய் வந்தால் இன்னும் அதிகம், அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

அப்போதுதான் முசிறிப் பக்கம் கிராமத்திலிருந்து என் மாமியார் வந்தார். கூண்டைப் பார்த்ததும், "ஏம்மா, இதுக்கு எதுக்கு வைக்கோலைப் போட்டு வச்சிருக்க?" என்றார்.

"வைக்கோல்தான் அத்தை இதோட முக்கியமான சாப்பாடு. எல்லாத்துலயும் போட்டிருக்கு."

"நெல்லை அடிச்சு எடுத்தப்புறம் மிச்சம் நிக்கிற தாள்தானே வைக்கோல்? அதுல என்ன சத்து இருக்கும்? மாட்டுக்கே அதோட புல்லும் தவிடும் புண்ணாக்கும் வைக்கணும். இந்தப் பூஞ்சை உடம்பு எப்படித் தாங்கும்?"

நான் அந்த ஆங்கிலப் பக்கத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அதில் இருந்த வார்த்தை 'ஹே'. கதிர் முற்றுவதற்கு முன் அறுத்து, பச்சை வாசனை போகாமல் உலர்த்திய புல். வைக்கோலுக்கு ஆங்கிலத்தில் 'ஸ்ட்ரா'. போன் இரண்டையும் ஒரே வார்த்தையாக்கிவிட்டது. வீடியோவில் பேசியவரும் அப்படித்தான் எங்கேயோ படித்துச் சொல்லியிருக்க வேண்டும். நான் 'இரண்டு பேரும் ஒத்துப்போகிறார்கள்' என்று நம்பியது, ஒரே தவறு இரண்டு இடத்தில் இருந்ததைத்தான்.

கினி பிக்கின் பற்கள் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். புல்லை மென்று மென்றுதான் அவை தேய வேண்டும். குடலும் அந்த நாரினால்தான் ஒழுங்காக ஓடும். அதனால் உணவில் முக்கால்வாசிக்கு மேல் புல்லாகவே இருக்க வேண்டும். உலர்ந்த புல்லில் வைட்டமின் சி பெரும்பாலும் போய்விடும். எனவே பச்சைப் புல்லும் காய்கறியும் கூடவே வேண்டும்.

மறுநாளிலிருந்து பூக்கார அம்மாவிடம் அருகம்புல் வாங்க ஆரம்பித்தேன். "தினம் பிள்ளையாருக்கு அருகம்புல் சாத்துறீங்களாம்மா?" என்று கேட்டார். "ஆமாம், ரெண்டு பிள்ளையார் வீட்டுல இருக்காங்க" என்றேன். மருந்து அடிக்காத இடத்தில் பறித்ததுதானா என்று கேட்டு வாங்கி, நன்றாக அலசிப் போட்டோம். மாமியார் பால்காரரிடம் பேசி, மாட்டுக்குப் போடும் கோ-4 புல்லைக் கொஞ்சம் வாங்கி மொட்டை மாடியில் தானே உலர்த்திக் கொடுத்தார். பூசணம் பிடித்ததை மட்டும் தேடித் தேடி எடுத்துப் போட்டார்.

ஐந்தாம் நாள் லட்டு தானாக எழுந்து தட்டு வரை வந்தது. பத்தாம் நாள் காலை, கொத்தமல்லிப் பேப்பர் சரசரத்தது. ஹாலில் இருந்து "வீக்!" யாழினி பல் துலக்கும் பிரஷ்ஷோடு ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

கரூருக்கு ஒரு போன்

லட்டு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று இரவே நான் நாத்தனாரைக் கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிடவில்லை. முதலில் லட்டு பிழைக்கட்டும் என்று ஒரு சாக்கு. உண்மையில் வெட்கம். மூன்று நாள் கழித்துத்தான் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"ஒண்ணு போன வாரமே போயிடுச்சு அண்ணி. நடக்காம உட்கார்ந்தே இருந்துச்சு. வயசாயிடுச்சு போலன்னு நினைச்சோம். தம்பி ரெண்டு நாள் சாப்பிடல. உங்ககிட்ட சொன்னா யாழினியும் பயந்துடுவாளேன்னுதான் சொல்லல."

எனக்குப் பேச்சு வரவில்லை. அவளே சொன்னாள்: "விடுங்க அண்ணி. நீங்க நல்லதுக்குத்தானே அனுப்பினீங்க."

அந்த வார்த்தைதான் இன்றுவரை குத்துகிறது. நல்லதுக்குத்தான் அனுப்பினேன். அந்த வீடியோ எடுத்தவரும் நல்லதுக்குத்தான் எடுத்திருப்பார். நாலு சொட்டு என்றவரும் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். நல்ல எண்ணம் இருக்கிறதா என்று பார்க்கிற நாம், விஷயம் சரியா என்று பார்ப்பதில்லை. மிச்சம் இருந்த ஒன்றை மறுநாளே டாக்டரிடம் காட்டச் சொன்னேன். அது பிழைத்தது.

இப்போது நான் பார்ப்பவை

இப்போதும் இணையத்தில்தான் தேடுகிறேன். நம் ஊரில் இந்தச் சின்னப் பிராணிகளைப் பார்த்துப் பழகிய டாக்டர்கள் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை, வேறு வழியும் இல்லை. ஆனால் தேடும் விதம் மாறிவிட்டது.

எத்தனை பேர் பார்த்தார்கள் என்று பார்ப்பதில்லை, சொல்பவர் யார் என்று பார்க்கிறேன். கால்நடை மருத்துவர்கள், கல்லூரிகள், இங்கிலாந்தின் ஆர்.எஸ்.பி.சி.ஏ. போன்ற பழைய விலங்கு நலச் சங்கங்கள் எழுதியவை முதலில். பல வருடம் வளர்த்தவர்களின் அனுபவம் அதற்குப் பிறகு.

மருந்து என்றால் எடையும் அளவும் இருக்கிறதா என்று பார்க்கிறேன். 'கொஞ்சம்', 'நாலு சொட்டு' என்றால் அங்கேயே மூடிவிடுவேன். 'டாக்டர் வேண்டாம்' என்பவரிடமிருந்து அதைவிட வேகமாக விலகுவேன். நல்ல ஆலோசனையில், எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்பது கண்டிப்பாக இருக்கும்.

எதையாவது விற்கிறாரா என்று பார்க்கிறேன். ஓடும் சக்கரத்தை கினி பிக்குக்கு என்றே விற்கிறார்கள். அதன் முதுகெலும்பு அதற்கு ஏற்றதல்ல. தண்ணீரில் கலக்கும் வைட்டமின் சொட்டு மருந்தும் அப்படித்தான். தண்ணீரில் சத்து சீக்கிரம் போய்விடும். சுவை மாறினால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடும்.

எந்த ஊருக்காகச் சொன்னது என்று பார்க்கிறேன். வெளிநாட்டுப் பக்கங்களில் குளிருக்குப் போர்வை போடச் சொல்வார்கள். நம் கவலை வெயில். 30 டிகிரியைத் தாண்டினாலே அவற்றுக்கு ஆபத்து. கூண்டை மாடிப் பக்கமும் ஜன்னல் பக்கமும் வைக்காமல், வீட்டில் இருப்பதிலேயே குளிர்ச்சியான அறையில் வைக்கிறோம். படுத்துக்கொள்ள உள்ளே ஒரு பெரிய தரை ஓடு, பக்கத்தில் ஈரத்துணி சுற்றிய மண்பானை.

கடைசியாக, மொழிபெயர்த்துப் படித்தால் முக்கியமான வார்த்தையை ஒரு தரம் அசல் மொழியில் பார்த்துவிடுகிறேன். வீட்டில் விவசாயம் தெரிந்த பெரியவர் இருந்தால், அவரிடமும் ஒரு வார்த்தை.

ஞாயிறுதோறும் சமையலறைத் தராசில் எடை போட்டு யாழினி நோட்டில் எழுதுகிறாள். நோயை வெளியே காட்டிக்கொள்ளாத பிராணி இது. எடை குறைவதுதான் முதலில் தெரியும் அடையாளம். லட்டு இப்போது 810 கிராம்.

மே மாத விடுமுறைக்கு நாத்தனார் குடும்பம் வந்தது. அவள் மகன் அட்டைப்பெட்டியில் தன் கினி பிக்கையும் கொண்டு வந்திருந்தான். கூட்டமாக வாழும் பிராணி, தனியாக வாடுகிறது, யாழினியிடமே விட்டுவிடலாம் என்று அவனே முடிவு செய்தானாம். மூன்றும் பெண் என்பதை டாக்டரிடம் உறுதி செய்துகொண்டு, முதல் இரண்டு வாரம் தனிக் கூண்டில் வைத்தோம்.

கொத்தமல்லியும் குடைமிளகாயும் நறுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்று பார்த்துக்கொண்டே இருந்தவன் கேட்டான்: "இது கொடுக்கலாம்னு உங்களுக்கு நிச்சயமா தெரியுமா அத்தை?"

கத்தியைக் கீழே வைத்தேன். "இது நிச்சயமா தெரியும்டா. டாக்டர்கிட்ட கேட்டது. தெரியாதது எதுவா இருந்தாலும் தெரியாதுன்னு சொல்லிட்டு, கேட்டுட்டுத்தான் கொடுப்பேன்."

அவன் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, தட்டை வாங்கிக்கொண்டு கூண்டுப் பக்கம் போனான்.